போடியில் அட்டை கிடையாது

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விளம்பரம் சொன்ன மாதம் அவரும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டார். கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு சந்தைக்குள் வந்தவர், வாழைத்தாரில் இடித்து, தக்காளிக் கூடையை மிதித்து, என் மாமியாரைப் பார்த்து "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கோபம் வந்துவிட்டது.

"என்னத்தா இப்படிச் சொல்றே? இப்பத்தான் எனக்கு ஒலகமே சுத்தமாத் தெரியுது."

பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். எதற்காக மைக் பிடிக்கிறாரோ அதை முழுசாக நம்புவது அவருடைய சுபாவம். நல்லதோ கெட்டதோ, அவருக்கு நடந்தது எல்லாம் அதனால் நடந்தது.

போடியில் எல்லாரும் அவரை மைக்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். குதிரைவண்டியின் முகப்பில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, காலடியில் பேட்டரியை வைத்துக்கொண்டு, மைக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டையை முடிந்துகொண்டு வருவார். ஒல்லியான ஆள். அந்த நெஞ்சுக்கூட்டுக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜவுளிக்கடை, நகைக்கடை, புதுப்படம், காணாமல் போன பசுமாடு, எதுவானாலும் அவர் வாயால் சொன்னால் நின்று கேட்கத் தோன்றும்.

ஒரு மாதம் பரோட்டாக் கடைக்குச் சொன்னார். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டு, சால்னாவைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார். அடுத்த மாதம் சைவச் சாப்பாட்டுக் கடைக்காரர் கூப்பிட்டார். கறி தின்பதை அன்றோடு நிறுத்திவிட்டு, பழைய கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்கும் சாயங்காலம் இன்னொரு கட்சிக்கும் பேசுவார். இரண்டு பேரும் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டுவார். இரண்டு பேரும் தோற்ற வருஷம் ஒரு வாரம் வெளியே வரவில்லை.

அவருடைய சம்சாரத்தைக் குழாயடியில் பார்த்தால் புலம்புவார்கள். "போன மாசச் சோப்பு பாதி கட்டி கெடக்கு. தொடக்கூடாதாம். தொட்டா தேகத்துக்கு ஆகாதாம். போன மாசம் அதே சோப்பப் போட்டுக் குளிச்சாத்தான் சாமி கும்பிடலாம்னு சொன்ன மனுசன்!"

இப்படிப்பட்டவரைத்தான் என் தொழிலுக்கு வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் வேறு ஆளையும் பார்த்தேன்.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அட்டைத் தைலம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான் பல வருஷம் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குள் கால் வைத்தால் இலைக்கு ஒரு அட்டை நெளியும். கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து என் கணுக்காலில் ஆறாத புண் வந்தது. வலி பொறுக்காமல் வேப்பெண்ணெயில் புகையிலையைப் போட்டுக் காய்ச்சி, கற்பூரத்தைக் கரைத்து, என் காலுக்குத் தடவிப் பார்த்தேன். தடவிய இடத்தில் அட்டை ஏறவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். அப்புறம் பழைய பாட்டில்களை வாங்கிக் கழுவி, வீட்டிலேயே காய்ச்சி விற்கலாம் என்று மலைக்குப் போவதை நிறுத்தினேன்.

மாமியாருக்கு அதில் சம்மதமில்லை. முற்றம் பூராவும் புகையிலை நாற்றம் என்பது ஒன்று; வீட்டில் ஒரு ஆள் கூலி குறைந்தது இன்னொன்று. அந்த வருஷம் ஆனி பிறந்ததும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "இந்த மழைக்குள்ள தைலம் ஓடலைன்னா சட்டியக் கவுத்துட்டு நீ பழையபடி மலைக்கு ஏறு. ஆமா."

என் கால் புண் அப்போதுதான் வடுக்கட்டியிருந்தது. மறுபடி ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கொஞ்சம், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் என்று கைக்குக் கையாக விற்றுக்கொண்டிருந்தால் சட்டி கவிழ்ந்துவிடும். ஊரறியச் சொல்ல வெளியாள் வேண்டும்.

மதுரையில் விளம்பரம் செய்து கொடுக்கும் ஒருவரை என் அண்ணன் அழைத்துவந்தான். பேண்ட் சட்டை, தோளில் ஒரு பை. மரியாதையான மனுஷன், குறை சொல்ல முடியாது. பாட்டிலில் ஒரு பெண் சிரிக்கிற மாதிரி லேபிள் ஒட்டலாம் என்றார். தியேட்டரில் சிலைடு போடலாம் என்றார். போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு பாறையில் பெரிய எழுத்தாக எழுதலாம் என்றதும் எனக்கே ஆசை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் தினமும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஏங்க, ஜீப்புல பின்னாடி உக்காந்தவுக எதைப் பாப்பாக? போன ரோட்டத்தான் பாப்பாக. வர்ற பாறையில எழுதினா நான் ஒருத்தன்தான் படிக்கணும். எனக்கு எதுக்குத் தைலம்?"

"அப்ப பாறையோட அந்தப் பக்கத்துல எழுதிடலாம் சார்."

"விடியக்காலம் அம்புட்டுப் பேரும் சாக்கைப் போத்திக்கிட்டுத் தூங்கிக்கிட்டே வருவாக. எறங்குறப்ப முழிச்சிருப்பாக. கடி வாங்கிட்டு எறங்குறவுகளுக்குத் தைலம் என்னத்துக்கு?"

மதுரைக்காரர் சிரித்துவிட்டார். மோர் குடித்துவிட்டு, "உங்க சரக்குக்கு நான் தோது இல்லம்மா" என்று சொல்லிப் பஸ் ஏறினார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்குக் காது மட்டும்தான் திறந்திருக்கும். ஜீப்புகள் புறப்படுகிற இடத்தில் விடியற்காலையில் மைக்செட்டுக்காரர் நின்று கத்தினால் போதும் என்று எனக்குப் பட்டது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "அந்தாளு இன்னைக்கு ஒனக்கு, நாளைக்கு இன்னொருத்தனுக்கு" என்றார் வீட்டுக்காரர். அதை நான் மைக்செட்டுக்காரரிடமே கேட்டேன்.

"அண்ணே, நாளைக்கு எவனாச்சும் எனக்குப் போட்டியா அட்டைக்குச் சோப்புப் போட்டான்னா, அவனுக்கும் இப்படித்தான் சொல்வீகளா?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சொல்லுவேன்த்தா. அன்னைக்கு அதுதான் நல்லதா இருக்கும்."

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டும் ஒரு ஆளை வேலைக்கு வைப்பார்களா என்றால், நான் வைத்தேன். ஆளுக்குத் தகுந்தாற்போல் பேசுகிறவர்களை அதற்குள் நிறையப் பார்த்திருந்தேன். இவர் அந்த ரகம் இல்லை.

"கொண்டா பாட்டில" என்று வாங்கி, முழங்கால் முதல் பாதம்வரை வழிய வழியத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றார். முகம் பூரித்துக் கிடந்தது.

"நேத்துத் தடவுனதுத்தா. வாய்க்கா வரப்பு, தோப்பு, ஒரு எடம் பாக்கியில்லாம நடந்து வந்துட்டேன். ஒரு அட்டை ஏறலையே!"

போடியில் அட்டையே கிடையாது. மழை முழுதும் மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும்; எங்களுக்குக் காற்றும் புழுதியும்தான். இது அவருக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் நம்ப ஆரம்பித்த பிறகு தெரிந்தது எதுவும் அவருக்குக் குறுக்கே வராது. வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தார்.

மறுநாள் முதல் ஜீப்புகளுக்கு நடுவே நின்று ஆரம்பித்தார். "மலைக்குப் போற மகராசிகளே! காலையில ஒரு தடவு! சாயங்காலம் வரைக்கும் அட்டை ஒங்க நெழலக்கூடத் தொடாது! நான் தடவியிருக்கேன், என் காலப் பாருங்க!" வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டுவார். எண்ணெய் பளபளக்கும்.

தைலம் மத்தியானம்வரைதான் நிற்கும். மழையில் கரைந்துவிடும். கஞ்சி குடிக்கும்போது மறுபடி ஒரு தரம் தடவ வேண்டும். இதை அவரிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "சரித்தா, சரித்தா" என்பார். மைக் கைக்கு வந்ததும் மத்தியானம் சாயங்காலம் ஆகிவிடும். மறுபடி சொன்னால், "மத்தியானம் வரைக்கும்னு சொன்னா நல்லாவா இருக்கு? எனக்கு ராத்திரி வரைக்கும் நிக்குதே!" என்பார். பாட்டில்கள் கையில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. மாமியாரே புகையிலை கிள்ளிப் போட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆடியில் மழை வலுத்தது. ஒரு நாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தார்கள். என்னோடு பல வருஷம் காய் எடுத்த ஒரு அக்கா முன்னால் நின்றார். சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கினார். ரத்தம் கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும்னு சொன்னியே. இத யாரு தொட்டா? நெழலா தொட்டுச்சு?"

"நான் சொல்லலக்கா. மத்தியானம் மறுக்காத் தடவணும்."

"மைக்குல சொன்னது ஒன் ஆளுதான?"

பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மறுநாள் விடியலில் என் வீட்டுக்காரர் ஜீப்பில் ஒருவர்கூட ஏறவில்லை. "ஒம் பொண்டாட்டி தைலத்துக்கு ரத்தம் குடுத்தது போதும், அப்பு" என்று வேறு வண்டியில் ஏறிப் போனார்களாம். வெறும் வண்டியோடு வந்து நின்றவரை மாமியார் ஏற இறங்கப் பார்த்தார்கள். முற்றத்துக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாட்டில்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு மைக்செட்டுக்காரர் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் இறக்கினேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"சரக்குல குத்தமில்லையே. தடவுனவுக சரியாத் தடவல."

"அண்ணே, நீங்க மலைக்குப் போயிருக்கீகளா? மழையில?"

"எதுக்குப் போகணும்?"

"ஒரு நாளு போய்ப் பாருங்க. அப்பறம் மைக்கத் தொடுங்க."

ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கே போறேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவதான் தடவுவேன். ஒண்ணு கடிச்சாலும் இந்தத் தொழிலே வேணாம்."

செய்தி ஊருக்குள் வெரசாப் பரவிவிட்டது. மறுநாள் வேடிக்கைக்காகவே பெண்கள் எங்கள் ஜீப்பில் ஏறினார்கள். நானும் ஏறினேன். அவர் எல்லார் முன்னிலையிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தைலத்தைத் தடவினார். மலை ஏற ஏறக் காற்று சில்லிட்டது. போடிமெட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்துக்குள் காலை நன்றாகவே போயிற்று. தலைக்கு மேலே வளர்ந்த ஏலச்செடிகளுக்கு நடுவே அவர் நனைந்துகொண்டே நடந்தார். அட்டைகள் தலையைத் தூக்கி, அவர் கால் பக்கம் நீண்டு, பின்வாங்கின. "பாத்தீகளா! பாத்தீகளா!" மைக் இல்லாமலே தோட்டம் அதிர்ந்தது. கஞ்சி நேரத்தில் நான் பாட்டிலை நீட்டினேன். அந்த அக்காவே, "தடவிக்கங்கண்ணே, எதுக்கு வம்பு?" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும்னு ஊரு பூராம் சொல்லியிருக்கேன்" என்று பாட்டிலைத் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு கொட்டிய மழையில் காலில் இருந்த எண்ணெய் எல்லாம் கழுவிப் போயிற்று. முதல் அட்டை பெருவிரல் இடுக்கில் ஏறியது. அவர் குனிந்து பார்த்தார். தட்டிவிடவில்லை. இன்னொன்று கணுக்காலில். பிறகு எண்ண முடியாமல் ஏறின. சட்டென்று ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏறுதே" என்றார்.

அவ்வளவு சின்னக் குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. அது வரையில் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. சிரிக்கக் காத்திருந்த பெண்களும் சிரிக்கவில்லை. அந்த அக்காதான் இடுப்பிலிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்து, அவர் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து உதிர்த்தார். "எந்திரிங்கண்ணே. கடிச்சா கடிச்சுட்டுப் போகுது. யாரைத்தான் கடிக்கல?"

இறங்கும்போது அவர் ஜீப்பின் பின்பக்கம், ஓரமாக உட்கார்ந்து, போன ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். வேட்டி முழங்கால்வரை சிவந்திருந்தது. தொழிலை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

விடியலில் ஜீப்புகளுக்கு நடுவே அதே குரல் கேட்டது. கொஞ்சம்கூடக் குறையாத குரல்.

"மலைக்குப் போற தாய்மாரே! நான் சொன்னது பொய்யி! சாயங்காலம் வரைக்கும் நிக்காது! காலையில தடவு, கஞ்சி குடிக்கையில மறுக்காத் தடவு! தடவலைன்னா கடிக்கும்! என்னையக் கடிச்சிருக்கு, இந்தா, என் காலப் பாருங்க!"

வேட்டியைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்குக் காட்டுவதற்கு நிஜமாகவே ஏதோ இருந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும். இரண்டு வேளை தடவினால் பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடும் இல்லையா? பொய் சொன்ன நாள்களைவிட இரண்டு பங்கு விற்றது. மாமியார் சட்டியை நிமிர்த்தினார்கள். மறு வருஷம் தேவாரம், ராசிங்காபுரம் பக்கமிருந்து மலைக்குப் போகிறவர்களும் கேட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. நானும் மலைக்குத் திரும்பவில்லை.

கெட்டுப்போனது அவர் பிழைப்புதான். ஜவுளிக்கடைக்காரர் "சாயம் போகாத சேலை" என்று சொல்லச் சொன்னால், சேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துப் பார்த்தார். பிறகு மைக்கில், "மூணு தடவை தொவச்சேன், போகல. நாலாவதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். கூந்தல் தைலக் கடைக்காரருக்கு முன்பக்கம் வழுக்கை. அவரிடம், "மொதல்ல நீங்க தடவுங்க, மொளைச்சதும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளை யார் கூப்பிடுவார்கள்? குதிரைவண்டி போய் ஆட்டோ வந்தது, டேப்பில் பதிந்த குரல்கள் வந்தன. அவர் மைக்செட்டை விற்றுவிட்டார் என்று அவருடைய சம்சாரம் சொன்னார்கள். "இப்பல்லாம் எந்தச் சோப்பு இருக்கோ அதப் போட்டுக் குளிக்கிறாரு" என்றார்கள். நல்ல சேதி சொல்கிற முகமாக இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. என் சட்டி நிமிர்ந்ததற்கு அவர் கொடுத்தது கொஞ்ச ரத்தம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது பஸ்ஸ்டாண்டில். தைலப் பெட்டியோடு தேவாரம் போக நின்றிருந்தேன். பஸ் போகும் ஊரைக் கூவிச் சொல்லி ஆள் ஏற்றிவிடுகிற வேலை அவருக்கு. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பெட்டியை வாங்கி நிழலில் வைத்தார்.

"தேவாரம் பஸ்சு எப்பண்ணே வரும்?"

"வந்ததும் சொல்றேன்த்தா."

"போர்டுல பத்து மணின்னு போட்டிருக்கே?"

திரும்பிப் பார்த்தார். "போட்டிருக்கு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் திரும்பி உள்ளே நுழைந்தது. நெற்றியில் தேவாரம் என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். போதவில்லை. டிரைவர் பக்கம் போய், "தேவாரம்தானப்பா?" என்று கேட்டு, டிரைவர் தலையாட்டிய பிறகு திரும்பி நின்று வாயைத் திறந்தார்.

"தேவாரம்! தேவாரம்! தேவாரம்!"

அதே குரல். பஸ்ஸ்டாண்டு முழுக்கத் திரும்பியது. மூட்டையும் குழந்தையுமாகச் சனம் ஓடி வந்தது. ஒருவர்கூட, இது தேவாரம்தான் போகுமா என்று கேட்கவில்லை. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தலையை வெளியே நீட்டி, "எப்பண்ணே எடுப்பாக?" என்று அவரிடம் கேட்டார். அவர் காதில் விழாத மாதிரி நின்றார். வண்டி கிளம்பிக் கேட்டைத் தாண்டிய பிறகுதான், ஓடி வந்து ஏமாந்த யாரிடமோ அவர் சொல்வது கேட்டது.

"தேவாரம் போயிருச்சுப்பா."